கணினிக்குள் கணினியும் தயங்கும் திரையும்

ஒரு வீட்டில் இரு குடும்பங்கள் வாழ்வதுபோல, ஒரே கணினிக்குள் இரண்டு பணிசெயல் முறைமைகள் ஒரே வேளையில் இயங்குவது இக்காலத்தில் வியப்புக்குரிய செய்தியன்று. விண்டோஸ் இயங்கும் கணினியொன்றில் லினக்ஸ் பயில விரும்பும் மாணவர், உள்ளதைக் கலைத்துவிடாமல், மென்பொருளினாலான வேறொரு கணினியை அதற்குள்ளேயே அமைத்துக்கொள்கிறார். இதனை மெய்நிகர்க் கணினி என்பர். இடங்கொடுக்கும் கணினியை விருந்தோம்பி என்றும், அதனுள் வந்து தங்கும் கணினியை விருந்தினர் என்றும் வழங்கலாம்.

இவ்விருந்தினரைப் பற்றி எழும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றே. கணக்குகளை அது விரைந்து செய்கிறது. கோப்புகளைத் தவறாது திறக்கிறது. திரை மட்டும் தயங்குகிறது. சாளரமொன்றை இழுத்தால் அது சுட்டியின் பின்னே தள்ளாடி வருகிறது. பக்கத்தை உருட்டினால் எழுத்துக்கள் துண்டு துண்டாகத் தோன்றுகின்றன. காணொளி சீராக ஓடாமல் விட்டுவிட்டு நகர்கிறது. இதனைக் கண்டவர், கணினி பழையது, ஆற்றல் குறைந்தது எனத் தீர்ப்பளித்து மேலும் நினைவகம் வாங்குகின்றனர். சிலர் புதிய கணினியே வாங்கிவிடுகின்றனர். வாங்கிய பின்னரும் திரை தயங்குவதுண்டு. நோய் உள்ள இடத்தை அறியாமல் மருந்து கொடுத்ததன் விளைவு அது.

நோயின் இடத்தை அறிதற்கு வரலாறு உதவும். ஓர் இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும் கலையில் முதலிற் பகிரப்பட்டவை செயலியின் நேரமும் நினைவகமும் ஆகும். இறுதியிற் பகிரப்பட்டது படம். முன்னவற்றுக்கும் பின்னதற்கும் இடையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழிந்தன. இன்று ஒரு விருந்தினர் கணினியின் திரை தயங்குமாயின், அந்நாற்பது ஆண்டுப் பயணத்தின் ஏதோவொரு படியில் அது தங்கிவிட்டது என்பதே பெரும்பாலும் பொருள். எந்தப் படியில் என்பதைக் கண்டறிவது பரிகாரத்தின் முதற்பாதி.

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்த ஊர் கொக்கிளாய். அதனையடுத்த களப்பு, முல்லைத்தீவு, திருகோணமலை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடப்பது. 1951ஆம் ஆண்டிலே பறவைகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உள்நாட்டிலிருந்து வரும் ஆறுகள் அதனை நிரப்புகின்றன. அப்பெரும் பரப்பு கடலோடு தொடர்புகொள்வதோ ஒடுங்கிய முகத்துவாரம் ஒன்றினாலேயே. மழைகால வெள்ளம் வடியத் தாமதித்தால், களப்பின் பரப்பு போதாது என்று எவரும் கூறார். முகத்துவாரத்தையே சென்று பார்ப்பர். விருந்தினர் கணினியின் நிலையும் இத்தகையதே. செயலியும் நினைவகமும் களப்பு நீர்போல நிறைந்திருக்கலாம். அவை ஆக்கிய படம் கண்ணாடித் திரையை அடைவதற்குரிய வழி ஒடுங்கியிருப்பின், நிறைவினாற் பயனில்லை.

கொக்கிளாயை இங்கு குறிப்பிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவ்வூரின் தமிழ் மக்கள் 1984ஆம் ஆண்டின் இறுதியில் இடம்பெயர்ந்தனர். 2009இற் போர் முடிந்த பின்னரே அவர்கள் மீளக்குடியேறுதல் கூடியதாயிற்று. அதே 1984ஆம் ஆண்டின் சனவரியில், படங்களாலான முகப்பைக் கொண்ட மெக்கின்ரோஷ் கணினியை அப்பிள் நிறுவனம் விற்பனைக்கு விட்டது. அம்மக்கள் ஊரைப் பிரிந்திருந்த அக்கால் நூற்றாண்டிலேதான் மேசைக் கணினியின் திரை பற்றிய பெருமாற்றங்களுட் பல நிகழ்ந்தன. இன்று கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கணினிக் கல்வி வன்னிக்குள்ளேயே வந்துவிட்டது. ஆயினும், மீண்டு வந்த ஊர்களின் பிள்ளைகள் கணினியின் வரலாற்றில் இறுதி அத்தியாயத்தையே நேரிற் காண்கின்றனர். முன்னைய அத்தியாயங்கள் தெரியாதவிடத்து, இயந்திரத்தின் அமைப்பிலுள்ள குறையைத் தம் அறிவின் குறையென்றோ தம் கைப்பொருளின் குறையென்றோ எண்ணிவிட இடமுண்டு.

அம்முதல் அத்தியாயம் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே தொடங்குகிறது. அங்கு கேம்பிறிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் அறிவியல் நிலையத்தில் றொபேட் கிறீசி, லெஸ் கொமோ முதலியோர் சீ.பி.-40 என்னும் முறைமையை ஆக்கி, 1967ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதனை நாளாந்தப் பயன்பாட்டுக்குக் கொணர்ந்தனர். அக்காலத்துக் கணினி ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொள்வது. விலையோ நிறுவனங்களால் மாத்திரம் தாங்கத்தக்கது. அத்தகைய ஒன்றைப் பதினான்கு கணினிகள் போலத் தோற்றுவித்தது சீ.பி.-40. பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும், முழு இயந்திரமும் தமக்கே உரியது என்று கருதக்கூடியவாறு அது நேரத்தையும் நினைவகத்தையும் பங்கிட்டது.

அப்பதினால்வர் எதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர்? அவர்கள் முன் இருந்தது மின்தட்டச்சுப் பொறி. அக்கால ஐ.பி.எம். 2741 என்னும் முனையம் நொடிக்குச் சுமார் 15 எழுத்துக்களையே காகிதத்திற் பொறிக்கும். திரையே இல்லாதவிடத்துத் திரையைப் பகிரும் சிக்கலும் இல்லை. மெய்நிகர்க் கணினியைக் கண்டுபிடித்தவர்கள் படத்தை மறந்தார்கள் என்று குறை கூறுதல் பொருந்தாது. அவர்கள் முன்னிலையிற் படம் இருக்கவில்லை.

ஆயினும் அதே மாநிலத்தில், கேம்பிறிட்ஜுக்கு அண்மையில் உள்ள லெக்சிங்டனில், படம் வேறொரு வழியாற் பிறந்திருந்தது. அங்குள்ள லிங்கன் ஆய்வுகூடத்தின் டீ.எக்ஸ்.-2 கணினியில் இவான் சதர்லண்ட் என்னும் இளைஞர், ஒளிப்பேனாவினால் திரையிலே கோடு கீறும் ஸ்கெச்பாட் என்ற முறைமையை அமைத்து, 1963ஆம் ஆண்டில் தம் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். கணினி வரைகலையின் தோற்றுவாய்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. அது இயங்கும்பொழுது அப்பெரிய இயந்திரம் ஒருவருக்கே பணிபுரிந்தது. கோடொன்று கையோடு உடனே நகரவேண்டுமாயின், இயந்திரம் வேறெவருக்கும் செவிசாய்க்க இயலாது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். ஒரே தசாப்தத்தில், அண்டை நகரங்களில், இரண்டு கருத்துக்கள் பிறந்தன. ஒன்று, ஓர் இயந்திரத்தைப் பலருக்குப் பகிர்ந்தளிப்பது. மற்றையது, ஓர் இயந்திரம் முழுவதையும் ஒருவர் கண்முன் ஒப்படைப்பது. பகிர்தலும் தனியுரிமையும் இயல்பிலே முரண்படுவன. பின்னர் வந்த வரலாறு முழுவதும் இவ்விரண்டையும் ஒரு கூரையின்கீழ் இருத்த முயன்ற வரலாறேயாகும்.

வரைகலை தன் வழியே வளர்ந்தது. படம் வரையும் வேலை மையச் செயலிக்குப் பெருஞ்சுமையாயிருந்தமையால், அதற்கெனத் தனியொரு துணைச்செயலி அமைக்கப்பட்டது. அத்துணைச்செயலிக்கு வசதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு செல்ல, அது தானே முழுக் கணினியாகிவிடும். பின்னர் அதற்கும் ஒரு துணை வேண்டியதாகும். 1968இல் மையரும் சதர்லண்டும் எழுதிய கட்டுரையொன்று இச்சுழற்சியை மறுபிறவிச் சக்கரம் எனப் பெயரிட்டு விளக்கியது. படத்தை ஆக்கும் உறுப்பு மையச் செயலியிலிருந்து விலகி, தனக்கெனத் தனி இயல்பு உடையதாக வளரும் போக்கு அன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பகிர்தலும் தன் வழியே வளர்ந்தது. 1972 ஓகஸ்ற் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் வீ.எம்./370 என்னும் முறைமையை அறிவித்தது. 1974இல் போப்பெக், கோல்ட்பேர்க் என்னும் அறிஞர் இருவர், மெய்நிகர்க் கணினியை இயற்றுதற்கு ஒரு செயலி எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தனர். விருந்தினர் மெய்யான இயந்திரத்தில் நடப்பதுபோலவே நடத்தல். வளங்கள் யாவும் கண்காணிக்கும் மென்பொருளின் ஆட்சியில் இருத்தல். கட்டளைகளுட் பெரும்பாலானவற்றை மெய்ச்செயலியே இடையீடின்றி நிறைவேற்றுதல் என்பன அவர்கள் வேண்டிய மூன்று பண்புகள். மூன்றாவது பண்பே விரைவின் இரகசியம். இடையீடு குறையுந்தோறும் விரைவு கூடும். அவர்களது ஆராய்ச்சி செயலியைப் பற்றியது, திரையைப் பற்றியதன்று. அக்கால முனையத்திரை 24 வரிகளையும் வரிக்கு 80 எழுத்துக்களையும் கொண்டது. திரை முழுவதற்கும் 1,920 எழுத்துக்களை அனுப்பினாற் போதும்.

பின்னர் தனியாள் கணினி வந்தது. மெக்கின்ரோஷ் 1984இல் வந்ததை மேலே கண்டோம். 1987இல் ஐ.பி.எம். தன் புதிய கணினிகளிலே வீ.ஜி.ஏ. என்னும் திரை முறையை அமைத்தது. குறுக்கே 640, நெடுக்கே 480 படப்புள்ளிகளும் 16 நிறங்களும் கொண்ட அத்திரைக்கு 1,53,600 பைற்றுகள் போதுமாயிருந்தன. இன்று சாதாரணமாக வழங்கும் 1,920க்கு 1,080 அளவுடைய திரையொன்றை நிரப்ப ஏறக்குறைய 83 இலட்சம் பைற்றுகள் வேண்டும். அசைவு தடையின்றித் தோன்ற நொடிக்கு 60 முறை அதனைப் புதுப்பித்தால், ஏறக்குறைய 50 கோடி பைற்றுகள் நொடிதோறும் திரைக்குச் செல்லல் வேண்டும். நொடிக்கு 15 எழுத்து என்று தொடங்கிய பாதையில் 50 கோடி பைற்றுகள் வந்து முட்டின என்று கூறினால், சிக்கலின் அளவு விளங்கும்.

மேசைக் கணினிக்குள் மெய்நிகர்க் கணினியை இருத்திய பெருமுயற்சி 1998இல் தொடங்கியது. அவ்வாண்டிலே மென்டல் றோசன்புளம், டயான் கிறீன் முதலிய ஐவர் வீ.எம்.வெயர் நிறுவனத்தை நிறுவினர். 1999 மே மாதத்தில் அவர்களது வேர்க்ஸ்ரேஷன் என்னும் மென்பொருள் வெளிவந்தது. மேசைக் கணினிகளில் வழங்கிய இன்டெல் வகைச் செயலி, போப்பெக்கும் கோல்ட்பேர்க்கும் விதித்த நிபந்தனையை நிறைவு செய்யாதது. பென்டியம் செயலியில் அந்நிபந்தனைக்கு மாறான கட்டளைகள் 17 உள்ளன என 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று எண்ணிக் காட்டியது. வீ.எம்.வெயர் அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே வேறு கட்டளைகளாக மொழிபெயர்த்து அத்தடையைக் கடந்தது.

செயலியின் தடை நீங்கியதும் திரையின் தடை வெளிப்பட்டது. விருந்தினர் கணினி, தனக்கெனத் திரை அட்டையொன்று இருப்பதாக எண்ணி அதற்குக் கட்டளையிடும். அவ்வட்டை உண்மையில் இல்லை. ஆதலால் ஒவ்வொரு கட்டளையின்போதும் செயலி தன் வேலையை நிறுத்தி, கண்காணிக்கும் மென்பொருளை அழைத்து, இல்லாத அட்டை செய்யவேண்டியதை அம்மென்பொருள் நடித்துக் காட்டிய பின்னரே மேற்செல்லும். பழைய வீ.ஜி.ஏ. முறையிலே சிறு உருவொன்றை வரைவதற்கும் இத்தகைய அழைப்புக்கள் எண்ணிறந்தன வேண்டும். வாயிற்காவலன் ஒவ்வொரு நெல்மணியையும் தனித்தனியே சோதித்து மூட்டையை உள்ளே விடுவது போன்றது இது.

இதற்குக் கண்ட பரிகாரம் எளிமையும் நுண்மையும் வாய்ந்தது. மெய்யான அட்டையைப் போல நடிப்பதை விடுத்து, மெய்நிகர்க் கணினிக்கென்றே கற்பனையான அட்டையொன்று வகுக்கப்பட்டது. இன்ன சதுரத்தை நிரப்பு, இன்ன பகுதியை நகர்த்து என்று ஒரே கட்டளையில் முழு வேலையையும் கூறத்தக்கது அது. அவ்வட்டையோடு பேசத் தெரிந்த செலுத்தி மென்பொருளை விருந்தினருக்குள் நிறுவவேண்டும். வீ.எம்.வெயர் ரூல்ஸ் எனவும், வேர்ச்சுவல்பொக்ஸில் விருந்தினர் இணைப்புக்கள் எனவும் வழங்குபவை இத்தகையன. இவற்றை நிறுவாதவர், 1999க்கு முற்பட்ட வழியிலே தம் திரையை நடத்துகின்றனர் எனலாம்.

ஆனால் அதே ஆண்டுகளில் படத்தின் உலகம் வேறொரு பாய்ச்சல் பாய்ந்திருந்தது. 1996இல் த்ரீடி-எஃப்.எக்ஸ். நிறுவனத்தின் வூடூ அட்டை முப்பரிமாண விளையாட்டுக்களை வீட்டுக் கணினிக்குக் கொணர்ந்தது. 1999இல் என்விடியா நிறுவனம் தன் ஜீஃபோர்ஸ் 256 அட்டைக்கு ஜி.பி.யு., அஃதாவது வரைகலைச் செயலி, என்ற பெயரைச் சூட்டி விற்றது. மறுபிறவிச் சக்கரம் மீண்டும் ஒருமுறை சுழன்றது. இப்புதிய செயலிகள் பழைய வீ.ஜி.ஏ. போல யாவரும் அறிந்த ஒரே அமைப்பை உடையன அல்ல. நிறுவனத்துக்கு நிறுவனம், தலைமுறைக்குத் தலைமுறை அவற்றின் உட்கட்டமைப்பு மாறும். அதன் விவரமோ பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. அமைப்பே தெரியாத ஒன்றைப் போல எவ்வாறு நடிப்பது? ஆதலால், செயலியைப் பகிரும் கலை முன்னேறியபோதும், வரைகலைச் செயலி விருந்தினருக்கு எட்டாத பொருளாயிற்று.

2005இன் இறுதியில் இன்டெல்லும் 2006இல் ஏ.எம்.டி.யும் மெய்நிகராக்கத்துக்குரிய உதவியைச் செயலிக்குள்ளேயே அமைத்தன. 2007இன் தொடக்கத்தில் வேர்ச்சுவல்பொக்ஸ் என்னும் மென்பொருள் திறந்த மூலமாக வெளிவந்தது. லினக்ஸின் கருவிலே கே.வீ.எம். இணைந்தது. மெய்நிகர்க் கணினி எவரும் கட்டணமின்றிப் பெறத்தக்க பொருளாயிற்று. சரியாக இவ்வேளையிலேதான் எதிர்பாராத திருப்பம் நேர்ந்தது.

அதுவரை முப்பரிமாண வரைகலை விளையாட்டுக்கும் பொறியியல் வரைபுக்குமே வேண்டியிருந்தது. எழுத்து எழுதுபவருக்கும் கணக்கு வைப்பவருக்கும் அது தேவையில்லை. இந்நிலை மாறியது. அப்பிள் நிறுவனம் 2002இலேயே தன் மேசைமுகப்பை வரைகலைச் செயலியினாற் கோக்கத் தொடங்கியது. 2007 சனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்ரா, ஒளிபுகும் சாளரங்களை அதே செயலியால் வரைந்தது. 2011 ஏப்பிரலில் லினக்ஸ் உலகின் நோம் 3 என்னும் முகப்பு அவ்வழியைப் பின்பற்றியது. 2012 ஒக்ரோபரில் வெளியான உபுண்டு 12.10, முப்பரிமாண உதவி வேண்டாத தன் பழைய முகப்பைக் கைவிட்டது. சாதாரணச் சாளரத்தை நகர்த்துவதற்கும் வரைகலைச் செயலி வேண்டும் என்ற நிலை இவ்வாறு தோன்றியது.

வரைகலைச் செயலி இல்லாதவிடத்து என்ன நிகழும்? அதன் வேலையை மையச் செயலியே மென்பொருளினாற் செய்யும். லினக்ஸில் இதனைச் செய்வது எல்.எல்.வீ.எம்.பைப் என்னும் நிரல். ஆயிரக்கணக்கான படப்புள்ளிகளை ஒருங்கே கணிக்கும் உறுப்பின் வேலையை, இரண்டு மூன்று கைகளே உள்ள மையச் செயலி ஒவ்வொன்றாகக் கணித்து முடிக்க முயல்கிறது. படம் சரியாகவே வரும், தாமதித்து வரும். விருந்தினர் கணினியின் தயக்கத்துக்கு இக்காலத்தில் முதன்மையான காரணம் இதுவே. கணினி பழுதடையவில்லை. மேசைமுகப்பு தன் வேண்டுகோளை உயர்த்திவிட்டது. அதனை நிறைவேற்றும் வழி விருந்தினருக்குத் திறக்கப்படவில்லை.

அவ்வழியைத் திறக்கும் முறைகளை 2008இல் டவுட்டி, சுகர்மன் என்னும் வீ.எம்.வெயர் பொறியியலாளர் இருவர் வகைப்படுத்தி எழுதினர். அவை பெரும்பான்மையும் இரு பிரிவுள் அடங்கும். விருந்தினரின் படக்கட்டளைகளை உயர்நிலையிலே கைப்பற்றி, விருந்தோம்பியின் மெய்ச்செயலிக்கு மொழிபெயர்த்து வழங்குவது ஒன்று. மெய்ச்செயலியை முழுதாகவோ பங்காகவோ விருந்தினரிடமே ஒப்படைப்பது மற்றையது. முதற்பிரிவு பகிர்தலைக் காக்கும். விரைவிற் சிறிது இழக்கும். இரண்டாம் பிரிவு விரைவைக் காக்கும். முழுதாக ஒப்படைத்தால் விருந்தோம்பி அச்செயலியை இழந்துவிடும். அறுபதுகளிற் பிறந்த இரு கருத்துக்களின் முரண்பாடு இங்கும் தலைகாட்டுவதைக் காணலாம்.

முதற்பிரிவின் வழியே வேர்ச்சுவல்பொக்ஸ் 2008 டிசெம்பரில் முப்பரிமாண உதவியை வழங்கத் தொடங்கியது. கே.வீ.எம். பயன்படுத்துவோர்க்கு டேவ் ஏர்லி தொடங்கிய வேர்ஜில் என்னும் திட்டத்தின் பயன், 2016இன் தொடக்கத்தில் வந்த லினக்ஸ் 4.4 முதற்கொண்டு கிட்டியது. இரண்டாம் பிரிவின் வழியே, 2012இல் லினக்ஸ் 3.6இல் இணைந்த வீ.எஃப்.ஐ.ஓ. என்னும் அமைப்பு, அட்டையொன்றை முழுமையாக விருந்தினரிடம் கையளிக்க உதவியது. ஜீஃபோர்ஸ் அட்டைகளை இவ்வாறு கையளிப்பதற்கு என்விடியா 2021இலேயே முறைப்படி இடங்கொடுத்தது. வீ.எம்.வெயர் வேர்க்ஸ்ரேஷன் புறோ, நிறுவனம் புரோட்கொமின் கைக்கு மாறிய பின், 2024 மே மாதத்தில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும், அவ்வாண்டு நவம்பரில் யாவருக்கும் இலவசமாக்கப்பட்டது.

இவ்வரலாற்றை அறிந்தவர்க்குப் பரிகாரத்தின் ஒழுங்கு தானே புலப்படும். காரியங்கள் எந்த வரிசையில் நிகழ்ந்தனவோ அதே வரிசையிற் சோதித்து வருதல் வேண்டும்.

முதலாவது, செயலி. 2005, 2006இல் வந்த மெய்நிகராக்க உதவி விருந்தோம்பியின் பயோஸ் அமைப்பில் இயக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவேண்டும். பல கணினிகளில் அது அணைக்கப்பட்ட நிலையிலே வருவதுண்டு. விண்டோஸில் ஹைப்பர்-வீ என்னும் அமைப்போ அதனைச் சார்ந்த பாதுகாப்பு ஏற்பாடோ அவ்வுதவியைத் தானே எடுத்துக்கொண்டிருத்தலும் கூடும். அவ்வேளையில் வேர்ச்சுவல்பொக்ஸ் தன் சாளரத்தின் அடியிற் பச்சை ஆமையொன்றைக் காட்டும். மந்தகதியை அறிவிக்க ஆமையைத் தேர்ந்தமை பொருத்தமே. அவ்வமைப்பு வேறொன்றுக்கு வேண்டாததாயின், அதனை நிறுத்தினால் ஆமை மறையும்.

இரண்டாவது, செலுத்தி. விருந்தினருக்குரிய துணை மென்பொருள் நிறுவப்பட்டுள்ளதா என்று காணவேண்டும். விண்டோஸ் விருந்தினரின் சாதனப் பட்டியலில் மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்ரர் என்ற பெயர் தோன்றினால், நிறுவப்படவில்லை என்பது தெளிவு. விருந்தினரின் திரை, சாளரத்தின் அளவுக்கேற்பத் தானே விரியாமையும் இதற்கோர் அறிகுறி.

மூன்றாவது, முப்பரிமாண உதவி. மெய்நிகர்க் கணினியின் அமைப்புப் பக்கத்தில் அதற்கென ஒரு கட்டம் உண்டு. அது குறியிடப்படாமலே கிடப்பது பெருவழக்கு. அதனைக் குறியிட்டு, திரை நினைவகத்தையும் போதிய அளவுக்கு உயர்த்துதல் வேண்டும்.  பின்னர் லினக்ஸ் விருந்தினரில் ஜி.எல்.எக்ஸ். இன்ஃபோ என்னும் கட்டளையை இயக்கி, படத்தை வரைபவர் யார் என்று கேட்கவேண்டும். விடையில் எல்.எல்.வீ.எம்.பைப் என்ற பெயர் வருமாயின், வரைகலைச் செயலிக்குரிய வழி இன்னும் திறக்கவில்லை. மையச் செயலியே தனியே சுமக்கிறது. முகத்துவாரம் அடைபட்டிருப்பதை நேரே காட்டும் சோதனை இதுவே.

நான்காவது, விருந்தோம்பியின் நிலை. தன் வீட்டில் அடுப்பெரியாதவன் விருந்திடுவதெங்ஙனம்? விருந்தோம்பியின் வரைகலைச் செலுத்தி பழையதாயின், விருந்தினரின் கட்டளைகளை அதனால் நிறைவேற்ற இயலாது. மடிக்கணினி சிலவற்றில் வலிய செயலியொன்றும் எளிய செயலியொன்றுமாக இரண்டு இருக்கும். மெய்நிகர்க் கணினியை எளியதனிடம் விண்டோஸ் ஒப்படைத்துவிடுவதுண்டு. விண்டோஸின் அமைப்புக்களில் இதனை மாற்றலாம். விருந்தினருக்கு மிகையாக அள்ளிக் கொடுப்பதும் தவறு. நினைவகத்தின் பெரும்பகுதியையும் செயலியின் கரங்கள் யாவற்றையும் விருந்தினருக்கே கொடுத்துவிட்டால், விருந்தோம்பி திணறும். அதனால் விருந்தினரின் திரையும் திணறும். பாதிக்கு மேற்படாமற் கொடுப்பது பொதுவாக நன்று.

ஐந்தாவது, வேண்டுகோளைக் குறைத்தல். மேற்கூறிய யாவும் செய்தும் தயக்கம் நீங்காவிடின், திரையின் அளவைக் குறைக்கலாம். 3,840க்கு 2,160 அளவுடைய திரை, 1,920க்கு 1,080 அளவுடையதைப்போல நான்கு மடங்கு படப்புள்ளிகளைக் கேட்பது. விருந்தினருக்குள் எக்ஸ்.எஃப்.சீ.ஈ. போன்ற எளிய முகப்பை நிறுவினால், முப்பரிமாண உதவியின் தேவையே பெரிதும் குறையும். கணினி மொழி பயில்வதற்கும், வலைச்சேவைகளை அமைத்துப் பார்ப்பதற்கும் அழகிய நிழல்களும் ஒளிபுகும் சாளரங்களும் வேண்டியதில்லை. கட்டளை வரி மட்டுமே போதுமான வேலைக்கு, 1967இன் தட்டச்சு முனையத்தைப் போல எழுத்தை மட்டும் கொண்ட விருந்தினரே போதும். அது பழைய கணினியிலும் தங்குதடையின்றி நடக்கும்.

இவற்றுக்கும் அடங்காத வேலைகள் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. பெரிய முப்பரிமாண விளையாட்டுக்கோ காணொளித் தொகுப்புக்கோ மொழிபெயர்த்து வழங்கும் முறை போதாது. அட்டையை முழுதாகக் கையளித்தல் வேண்டும். அதற்கு அம்முறைக்கு இசைந்த தாய்ப்பலகையும், பெரும்பாலும் இரண்டாவது வரைகலை அட்டையும் தேவை. அவை இல்லாதவர் விருந்தினரை விடுத்து, அப்பணிசெயல் முறைமையைக் கணினியிலே நேரே நிறுவி, தொடக்கத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே உசிதம். பகிரத்தக்கதைப் பகிர்ந்தும், பகிரவொண்ணாததைத் தனித்து வைத்தும் வாழ்வது இல்லறத்துக்கு மட்டுமன்றி இயந்திரத்துக்கும் பொருந்தும்.

மேற்கூறிய சோதனைகள் ஐந்தனுள் எதற்கும் காசு வேண்டியதில்லை. வேண்டுவன ஓர் அரைநாட் பொறுமையும், எதனை முதலில் வினவுவது என்ற தெளிவுமே. இரண்டாங் கையாகக் கிடைத்த கணினியில் எதிர்காலத்தைத் தேடும் மாணவர்க்கு இஃது அற்பமான செய்தியன்று. திரை தயங்கியதைக் கண்டு பயிற்சியைக் கைவிட்டவர் இழப்பது ஒரு திரையை அன்று, ஒரு தொழிலை. கடன்பட்டுப் புதுக்கணினி வாங்கிய குடும்பம், அதிலும் முப்பரிமாணக் கட்டம் குறியிடப்படாமலே கிடந்தால், அதே தயக்கத்தை அதிக விலைக்குப் பெறும்.

ஓர் ஊர் கால் நூற்றாண்டைத் தன் மண்ணுக்கு வெளியே கழிக்க நேர்ந்ததற்கு ஈடு எதுவுமில்லை. ஆயினும் அக்காலத்தில் உலகம் இயற்றியவற்றின் வரலாறு ஒளித்துவைக்கப்பட்ட செல்வமன்று; கற்பவர் யாவர்க்கும் உரியது. பின்வந்தவர் முன்வந்தவரோடு ஒத்து நிற்பதற்கு அதனைக் கற்றலே குறுக்குவழி. கருவியின் வரலாற்றை அறிந்தவர் கருவிக்கு அஞ்சார். அது தயங்குமிடத்து, எவ்விடத்திலே தயங்குகிறது என்று அமைதியாகத் தேடிக் காண்பர்.